வீட்டிலே திடீர் மரணம் நேர்ந்தால்

மரணத்தைப் பற்றிப் பேசுவதே அமங்கலம் என்று கருதும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அதனாலேயே, பாயிற் படுத்து நோயுற்றுக் கிடவாமல் ஒருவர் வீட்டிலே திடீரென மாண்டுவிட்டால், அடுத்த சில மணி நேரத்திற் செய்யவேண்டியது யாதென்பதைக் கற்றோருங்கூட அறியாது திகைக்கின்றனர். அவ்வேளையிற் காட்டும் அவசரம், கணவனை இழந்த ஒரு பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்காக அலையவைத்துவிடும்.

முதலில், உயிர் இருக்கும்போதே செய்யத்தக்கதைச் சொல்லிவிடுகிறேன். நடுவயது கடந்த ஒருவர் மார்பு இறுகுகின்றது, கை உளைகின்றது, வியர்க்கின்றது என்றால், 'வாய்வுக் குத்து' என்று இஞ்சியும் உள்ளியும் அவித்துக் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். அது கொதித்து இறங்குமுன்னரே உயிர் பிரிந்துவிடலாம். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமான இச்சேவை 2018இல் வடக்கிற்கும் வந்தது. நினைவும் மூச்சும் அற்றுச் சாய்ந்தவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றலாகாது. தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவே ஒரு கைமேல் மறு கையை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குலம் அமிழுமாறு, வண்டி வரும்வரை அழுத்தவேண்டும். உயர்தர வகுப்பு மாணவர் எவரும் பழகிக்கொள்ளக்கூடிய வேலைதான் இது.

அவ்வளவு செய்தும் பயனின்றிப் போனால், உண்மையான சங்கடம் அப்பொழுதுதான் தொடங்குகின்றது. "பொழுதுபடமுன் எடுத்துவிட வேண்டும்" என்பார் ஒரு பெரியவர். "என்ரை அண்ணரை வெட்டிக் கொத்த விடமாட்டன்" என்று அழுவாள் தங்கை. இரண்டும் பாசத்தின் குரல்களே. ஆயினும், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை வேறொன்றைக் கூறுகின்றது. விபத்தாலோ, தற்கொலையாலோ, விலங்கினாலோ, இயந்திரத்தினாலோ நேர்ந்த மரணமும், காரணம் தெரியாத திடீர் மரணமும் திடீர் மரண விசாரணை அதிகாரியின் விசாரணைக்கு உரியவை. ஆகவே பொலிசாருக்கோ, நாம் இன்றும் விதானையார் என்று அழைக்கும் கிராம உத்தியோகத்தருக்கோ உடனே அறிவித்தல் வேண்டும். காரணம் தெளிவாகாதவிடத்துப் பிரேத பரிசோதனைக்குக் கட்டளை பிறக்கும். இறந்தவர் இருதய நோய்க்கோ நீரிழிவுக்கோ மருந்து எடுத்து வந்தவராயின், அவருடைய கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டுகளையும் தேடியெடுத்து அதிகாரியிடம் காட்டுவது காரணத்தைத் துணிவதற்குப் பெரிதும் உதவும்.

புதைத்த உடலைத் தோண்டியெடுத்தாவது பரிசோதிக்கலாம். நாமோ தகனஞ் செய்பவர்கள். பின்னொருநாள் காப்புறுதிக் கம்பெனியோ காணிப்பங்கிற் பிணங்கிய உறவினரோ ஐயம் எழுப்பினால், கீரிமலைக் கடலிற் கரைத்த சாம்பலா வந்து சாட்சி சொல்லும்?

இனிக் கோயில். கிராமங்களில் இதனையே மிகவும் அஞ்சுகிறார்கள். அயலிற் பிரேதம் கிடக்கும்வரை கோயிலிற் பூசை நடத்துவதில்லை என்பது நெடுங்கால வழக்கு. அதிலும் திருவிழாக் காலமாயின், விசாரணை முடியும்வரை காத்திருக்கும் வீட்டாரைப் பார்த்து ஊரே முகஞ் சுளிக்கும். தர்மகர்த்தாவின் ஆட்கள் வந்து வாசலில் நிற்பதும், மனம் நொந்த மைத்துனர் கைகலப்புக்குப் போவதும் நாம் அறியாதவையல்ல. இவ்விடத்தில் என் கருத்து இது: பரிசோதனைக்காக உடல் ஆஸ்பத்திரிப் பிரேத அறைக்குச் செல்லுமாயின், சட்டத்தின் தேவையும் கோயிலின் தேவையும் ஒருங்கே நிறைவேறும். உடல் ஊரில் இல்லை, பூசைக்கும் தடையில்லை. துக்கத்தில் மூழ்காத உறவினர் ஒருவர் அன்றே சிவாசாரியாரையும் தர்மகர்த்தாவையும் நேரிற் கண்டு, உடல் எப்போது வரும், எந்த வழியாகச் சுடலைக்குச் செல்லும் என்று பேசி முடித்துவிட வேண்டும். இதனைத் தொலைபேசியிற் செய்யலாகாது. நம் ஊரில் நேரிற் போய்ச் சொல்வதே மரியாதை. கிரியைகளோ, உடல் வீடு திரும்பிய பின் ஒன்றும் குறையாமல் நிகழலாம்.

அடுத்தது பதிவு. வீட்டில் நிகழ்ந்த மரணத்தை ஐந்து நாளுக்குள் அறிவிக்கவேண்டும். 'அந்தியேட்டி முடியட்டும்' என்று முப்பத்தொரு நாளும் வாளாவிருப்போர் பலர். துடக்கு கோயிலுக்குத்தான், கந்தோருக்கு இல்லை. மரணச் சான்றிதழ் இன்றி ஓய்வூதியம் இல்லை, வங்கிப் பணம் இல்லை. தேசவழமைக்கு உட்பட்ட குடும்பங்களில் மனைவியின் உரித்தும் அதிலேயே தங்கியுள்ளது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 1947ஆம் ஆண்டுத் திருத்தப்படி, இறந்தவருக்கு உரியதாயிருந்து, மரணசாதனம் முதலியவற்றால் அவர் கையளிக்காது விட்ட தேடியதேட்டத்தின் பாதி எஞ்சியிருக்கும் துணைக்கும், மறுபாதி உரித்தாளருக்கும் சேரும்.

சான்றிதழிற் பெயர் பிழைபடாமல் இருத்தல் வேண்டும். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், காணி உறுதியில் வேறு விதமாகவும், வீட்டுப் பெயர் மூன்றாவது விதமாகவும் இருப்பது தமிழர் வழக்கம். அடையாள அட்டையையும் பிறப்பு, விவாகப் பதிவுகளையும் கையோடு கொண்டுசென்று, பதிவாளர் எழுதியதை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கையொப்பம் இடுக. அதற்கு, அழுது சிவந்த கண்களோடு மகன் தனியே செல்வதைவிட, மூக்குக்கண்ணாடி அணிந்த மாமனார் ஒருவரும் உடன் செல்வது நன்று.