பாட்டன் சொன்ன கதை

சுமாத்திராவின் மேல்கரைக்கு அப்பால் உள்ளது சிமலூத் தீவு. 1907ஆம் ஆண்டில் கடல் பொங்கி அத்தீவினர் பலரை வாரிச் சென்றது. பிழைத்தோர் அத்துயரைக் கதையாக்கிப் பேரப்பிள்ளைகளுக்குக் கூறி வந்தனர். கடல் உள்வாங்கிய கரையில் துள்ளிய மீனுக்கு ஆசைப்பட்டு ஓடியவர் மாண்ட செய்தி அக்கதையில் வரும். நிலம் கடுமையாக நடுங்கிக் கடலும் வற்றினால் 'சுமோங்' என்னும் பேரலை வரும். பொருளை நாடாது, முதியோரையும் மழலையரையும் உடன்கொண்டு குன்றேறுக என்பதே அதன் உட்பொருள். கேட்ட சிறுவர் வெறுங்கதை என்று எண்ணியிருத்தலும் கூடும்.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் நிலம் நடுங்கிற்று. "சுமோங்! சுமோங்!" என்று கூவியவாறு மக்கள் குன்றேறினர். வடபால் உள்ள லாங்கி என்னும் சிற்றூரில் எட்டே நிமிடத்தில் அலை புகுந்தது, வீடுகள் அழிந்தன, ஊரார் ஏறத்தாழ 800 பேரும் உயிர்தப்பினர். சற்றொப்ப 78,000 பேர் வாழ்ந்த அத்தீவு முழுவதிலும் மாண்டோர் எழுவரே.