சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச்

கார்டன் டிராக்டரில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, எழுந்துவிட்டாரா என்பதை இன்ஜினுக்குத் தெரிவிப்பது சீட்டுக்கு அடியில் உள்ள ஒரு சிறிய பிளாஸ்டிக் சுவிட்ச். அமெரிக்காவில் வீட்டைச் சுற்றியுள்ள அகன்ற புல்வெளிகளை வெட்டப் பயன்படும் வண்டி இது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961-இல் கப் கேடட்டையும், ஜான் டீர் நிறுவனம் 1963-இல் 110 மாடலையும் கொண்டுவந்தன. அந்தக் காலத்து வண்டிகளில் இந்தச் சுவிட்ச் பெரும்பாலும் இருக்காது. பிற்காலத்தில்தான் அது பரவலாக இடம்பிடித்தது.

அது ஏன் வந்தது என்பதற்குக் கத்தியின் வேகமே பதில். கத்தி முனை நிமிடத்துக்கு 19,000 அடி வரை செல்லலாம் என்று அமெரிக்கத் தர விதி வரம்பு வைத்திருக்கிறது. மணிக்குக் கணக்கிட்டால் சுமார் 350 கிலோமீட்டர். சரிவில் வண்டி சாய்ந்து ஓட்டுபவர் விழுந்தாலோ, கத்தியில் சிக்கிய குச்சியை எடுக்க அவசரமாக இறங்கினாலோ, கையும் காலும் அந்தக் கத்திக்குப் பக்கத்தில்தான் போகும். அந்த நேரத்தில் இன்ஜினை அணைப்பதே இந்தச் சுவிட்சின் வேலை.

அழைப்பு மணியின் சுவிட்சைப் போல, அழுத்தியிருக்கும் வரை ஒரு நிலை, விட்டால் வேறு நிலை. உட்கார்ந்தால் உடல் எடையில் சீட் தாழ்ந்து பொத்தானை அமுக்கும். எழுந்தால் ஸ்பிரிங் சீட்டை மேலே தூக்கிவிடும். ஆனால் அமுக்கும்போது மின்சுற்று இணைகிறதா, பிரிகிறதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். மேக்னெட்டோ உள்ள இன்ஜின் தனக்கு வேண்டிய தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதை நிறுத்த மேக்னெட்டோ ஒயரை எர்த்தில் சேர்க்க வேண்டும். ஆகவே அங்கே சீட் காலியாக இருக்கும்போது சுவிட்ச் இணைந்திருக்கும், உட்கார்ந்தால் பிரியும். பேட்டரியும் காயிலும் கொண்ட இன்ஜினில் இது தலைகீழ்: உட்கார்ந்தால்தான் சுற்று இணைந்து மின்சாரம் போகும். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும் நான்கு முனைச் சுவிட்சுகளும் உண்டு. வெளித்தோற்றத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கடையில் தவறான சுவிட்சை வாங்கி வருவது இதனால்தான். பழையதன் உருவத்தைப் பார்த்து வாங்காமல், வண்டியின் மாடல் தகட்டில் உள்ள எண்ணைக் கொண்டு உதிரிபாக எண்ணைக் கண்டுபிடித்து வாங்குவதே சரி.

சுவிட்ச் கெட்டதற்கான அறிகுறிகள் தெளிவானவை. மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது இன்ஜின் ஒரு கணம் திணறும், அல்லது அணைந்தே போகும். ஆள் உட்கார்ந்திருக்கும்போதே கத்தியை இயக்கினால் நின்றுவிடும். இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு: கத்தி ஓடும்போது ஆள் எழுந்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். வேலை தடைபடாததால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. இரண்டில் ஆபத்தானது இதுதான்.

புதிய சுவிட்ச் வாங்கும் முன் சீட்டைத் தூக்கிப் பார்ப்பது நல்லது. மழையில் நிற்கும் வண்டியில், கிழிந்த சீட்டின் ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்து நேரே சுவிட்ச் மீது சொட்டும். பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு படியும். குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்த வண்டி என்றால் சீட்டுக்கு அடியில் எலி கூடு கட்டி ஒயரைக் கடித்திருக்கலாம். சீட் ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் இதே கோளாறுகள்தான் தெரியும். இவற்றுக்கெல்லாம் சுவிட்சை மாற்றிப் பயனில்லை.

சுவிட்சைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சாவியை எடுத்துவிட்டு, சுவிட்சின் ஒயர் பிளக்கைக் கழற்றி, மீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்துச் சுவிட்சின் இரு முனைகளையும் தொட வேண்டும். பொத்தானை அமுக்கியும் விட்டும் பார்த்தால் ஒலி ஒரு நிலையில் வர வேண்டும், மறுநிலையில் வரக் கூடாது. எப்போதும் ஒலித்தாலும், எப்போதும் மௌனமாக இருந்தாலும், விட்டு விட்டு ஒலித்தாலும் சுவிட்ச் போய்விட்டது என்று பொருள்.

இந்த இடத்தில்தான் "டைரக்ட் கொடுத்துவிடலாமே" என்ற யோசனை வரும். பிளக்கில் ஒரு துண்டு ஒயரைச் சொருகினால், சில வண்டிகளில் பிளக்கைக் கழற்றிப் போட்டாலே, இன்ஜின் ஓடும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க, கத்தியை இயக்காமல் சில நிமிடம் அப்படி ஓட்டிப் பார்க்கலாம். அப்படியே விட்டுவிட்டுப் புல் வெட்டப் போவது, விழுந்தவர் மீது கத்தி சுழலட்டும் என்று விடுவதற்குச் சமம். விலை குறைவான ஒரு சுவிட்சுக்காக அந்த ஆபத்தை ஏற்பதில் எந்த நியாயமும் இல்லை.

மாற்றும் வேலை எளிது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியை எடுத்து, இன்ஜினை ஆறவிட வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரையும் ஸ்பார்க் பிளக் ஒயரையும் கழற்ற வேண்டும். சீட்டை முன்பக்கம் சாய்த்தால் சுவிட்ச் தெரியும். பிளக்கின் பூட்டு நாக்கை மெதுவாக அமுக்கி இழுக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் மொரமொரவென்று உடையக்கூடியது, ஒயரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். சுவிட்சைச் சில வண்டிகளில் கால் சுற்றுத் திருப்பி எடுக்கலாம், சிலவற்றில் இருபுற நாக்குகளையும் அமுக்கித் தள்ள வேண்டும், சிலவற்றில் போல்ட் இருக்கும். முனைகளின் களிம்பைச் சுரண்டி, ஈரம் புகாதபடி டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவிப் புதியதைப் பொருத்த வேண்டும். சீட் தாழும்போது ஒயர் நசுங்காத வழியில் அதைக் கட்டிவிட வேண்டும்.

கடைசியில், கழற்றிய ஒயர்களை மீண்டும் இணைத்த பின், சோதனை, சமதளத்தில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது. பார்க்கிங் பிரேக் போட்டு, கத்தியை இயக்காமல் எழுந்தால் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் தொடர்ந்து ஓடும். வண்டியை நியூட்ரலில் வைத்துப் பிரேக்கை விடுவித்து, இறங்காமல் சீட்டிலிருந்து சற்றே எழுந்தால் அணைய வேண்டும். கத்தி ஓடும்போது அதேபோல் எழுந்தாலும் உடனே அணைய வேண்டும். இந்த இரண்டில் எதிலாவது இன்ஜின் அணையாவிட்டால், சரிசெய்யும் வரை அந்த வண்டியைப் புல்வெளிக்கு எடுத்துச் செல்லக் கூடாது.