முற்றத்தில் ஒரு தொலைநோக்கி



முள்ளியவளை, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆகிய நம் ஊர்களின் இரவு வானம், பெருநகரத்தாருக்குக் கிடைக்காத ஓர் அருட்கொடையாகும். கொழும்பின் தெருவிளக்குகள் விண்மீன்களை மறைத்துவிடுகின்றன. இங்கோ, நிலவில்லாத இரவில் வயலோரம் நின்றால் பால்வீதியே தென்படும். இவ்வானத்தை ஒரு தலைமுறை குண்டு விமானங்களுக்கு அஞ்சியே அண்ணாந்து பார்த்தது. 1990 ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் இதனைப் பிரிந்தே பல்லாண்டுகள் வாழ்ந்தனர். இன்று நம் பிள்ளைகள் அச்சமின்றி வானத்தைப் பார்க்கலாம். ஆயினும் அவர்களின் கண்கள் இரவெல்லாம் கைத்தொலைபேசியின் திரையிலேயே தங்கிவிடுகின்றன என்பது பெற்றோர் பலரின் கவலையாகும்.

புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்து கோள்களையும் வெறுங்கண்ணாலேயே காணலாம். விண்மீன்கள் மிகத் தொலைவில் இருப்பதால் வெறும் புள்ளிகளாகத் தெரிகின்றன; காற்றின் அசைவில் அவற்றின் ஒளி மினுங்குகிறது. கோள்களோ சிறு வட்டங்கள். ஆதலால் அவை பெரும்பாலும் மினுங்காமல் நிலைத்து ஒளிர்கின்றன. சூரியன் செல்லும் பாதையை ஒட்டியே அவை காணப்படும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் அமைந்திருப்பதால், கோள்கள் பல வேளைகளில் உச்சிக்கு அருகே வருகின்றன. ஐரோப்பியருக்கு வாய்க்காத வசதி இது.

செவ்வாயைத் தேடுவோர் ரோகிணி எனும் சிவந்த விண்மீனைக் கண்டு மயங்கக்கூடும். மேனாட்டார் அதனை ‘அல்டெபரான்’ என்பர். இச்சொல் ‘அத்தபரான்’ எனும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ‘பின்தொடர்வது’ என்பது அதன் பொருள். கார்த்திகைக் கூட்டத்தைப் பின்தொடர்ந்து உதிப்பதால் அப்பெயர் பெற்றது. கி.பி. 964 அளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி விண்மீன்களைப் பற்றி நூல் எழுதினார். பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என்பதை இப்னுல் ஹைதம் விளக்கினார். தொலைநோக்கி தோன்றுமுன்னரே நம் முன்னோர் ஆற்றிய பணிகள் இவை.

தொடக்கநிலையினருக்கு 70 மில்லிமீற்றர் வில்லையுடைய தொலைநோக்கி போதுமானது. அதன் குவியத்தூரத்தைக் கண்வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 900ஐ 20ஆல் வகுத்தால் 45 மடங்கு. 10ஆல் வகுத்தால் 90 மடங்கு. வில்லையின் மில்லிமீற்றர் அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்குக்கு மேல் பெருக்கினால் உருவம் மங்கிவிடும். எனவே பெட்டியில் ‘500 மடங்கு’ என அச்சிட்டிருப்பதை நம்பிப் பணத்தை வீணாக்காதீர்கள்; அசையாத முக்காலியைத் தேடுங்கள். மாரி மழை ஓய்ந்தபின் வரும் பெப்ரவரி, மார்ச் மாதங்கள் இதற்கு உகந்தவை. கருவியை வெளியே அரைமணி நேரம் குளிரவைத்த பின்னரே நோக்குங்கள்.

வியாழனை நோக்கினால் அதன் இருபுறமும் நான்கு சிறு ஒளிப்புள்ளிகளைக் காணலாம். 1610ஆம் ஆண்டு கலிலியோ கண்ட நிலவுகள் இவையே. அவற்றுள் உட்புறத்தேயுள்ள அயோ, ஏறத்தாழ 42 மணித்தியாலங்களில் வியாழனைச் சுற்றிவிடுகிறது. அடுத்த இரவு பார்த்தால் புள்ளிகள் இடம் மாறியிருக்கும். வியாழன் நமக்கு அண்மையில் வரும்போதுகூட அதன் ஒளி நம்மை அடைய அரைமணி நேரத்துக்கு மேலாகும். வெள்ளியோ, பிறைபோல் வளர்ந்தும் தேய்ந்தும் காட்சி தரும்.

சனியின் வளையம் காண்போரை வியக்கவைக்கும். அது கோளைச் சூழ்ந்த தட்டையான வளையமென 1659இல் ஹைகன்ஸ் விளக்கினார். ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்வளையத்தின் விளிம்பு மாத்திரம் நம்மை நோக்குவதால் அது மறைந்தாற்போல் தோன்றும். இம்மண்ணில் போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டில் அவ்வாறு மறைந்தது. மீண்டும் 2025இல் மறைந்தது. இனிவரும் ஆண்டுகளில் அது மெல்ல விரிவடைவதை நம் பிள்ளைகள் காணலாம்.

இக்கோள்களே மணவாழ்வையும் வாணிபத்தையும் கெடுப்பதாக அஞ்சுவோர் நம் சமூகத்திலும் உளர். ஹிஜ்ரி 10இல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அம்மரணத்தாலேயே கிரகணம் பிடித்ததென மக்கள் பேசிக்கொண்டனர். எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். மகனை இழந்த துயரிலும் அவர்கள் அத்தவறான எண்ணத்தை நிலைக்கவிடவில்லை. சனியின் வளையத்தைத் தன் கண்ணால் கண்ட பிள்ளைக்குச் சனியை அஞ்சத் தேவையில்லை.

பெற்றோர்களே, ஓர் எச்சரிக்கை! தொலைநோக்கியால் சூரியனை ஒருபோதும் நோக்கவிடாதீர்கள். ஒரு நொடியே பார்வையைப் பறிக்கப் போதுமானது. கண்வில்லையில் பொருத்தும் சூரிய வடிகட்டி வெப்பத்தால் வெடிக்கக்கூடும், அதனை எறிந்துவிடுங்கள். தலைப்பிறை தேடுவோரும் சூரியன் முற்றாக மறைந்த பின்னரே கருவியைத் தொடவேண்டும்.

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட வேளையே பிள்ளைகளுக்குப் போதுமானது. சுபஹைத் தவறவிடும் அளவுக்குக் கண்விழிக்க வேண்டியதில்லை. கண்டதைத் திகதியுடன் ஒரு கொப்பியில் வரையச் சொல்லுங்கள். ஒரு குடும்பத்துக்குக் கருவி வாங்க இயலாவிடில், பல குடும்பங்கள் கூடி வாங்கிப் பள்ளிவாசல் முற்றத்திலோ பாடசாலை மைதானத்திலோ வையுங்கள். அயல்வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளையும் அழையுங்கள். வானம் எல்லோருக்கும் பொதுவானது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக. ஆமீன்.