இருமினால் ஏன் கசிகிறது?

ரப்பர் தோட்டத்தில் பால் வாளி தூக்கும் பெண்ணுக்கு இருமும்போது சிறுநீர் சொட்டினால், பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று விட்டுவிட வேண்டியதில்லை.

இடுப்பின் அடியில், முன்னெலும்பிலிருந்து வாலெலும்பு வரை தொட்டில் துணிபோல் ஒரு தசைத்தளம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அது. பிரசவத்தில் வெகுவாக இழுபட்டுத் தளர்ந்தால், இருமலின் அழுத்தம் கீழிறங்கும்போது சிறுநீர்க்குழாயை இறுக்கிப் பிடிக்க முடிவதில்லை.

இந்தத் தசையை வலுப்படுத்த 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் எழுதிய பயிற்சி, கேட்க எளிது: காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் தசையை உள்ளே மேலே இழுத்து, சில விநாடி பிடித்து, முழுசாகத் தளர்த்துவது. ஆனால் பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடையை இறுக்குகிறார்கள்! பிசியோதெரபிஸ்ட் திருத்துவது அதைத்தான். 3 மாதமாவது தொடர்ந்து செய்து பார்க்க வேண்டும். தசை ஏற்கெனவே இறுகி வலிப்பவருக்கோ, முதலில் தளர்த்தத்தான் கற்றுத்தருவார்கள்.