ராஜகோபுரத்திலிருந்து ஒரு நடைக்கணக்கு

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்தைக் கும்பிட்டுப் புறப்பட்ட ஒருவர், இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டையும் தரிசித்து, நான்கு மணி நேரத்தில் அதே வாசலுக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சராசரி வேகம் மணிக்கு 3.5 கிலோமீட்டர். சராசரி திசைவேகமோ பூஜ்ஜியம்! கால் கடுக்க நடந்தவர் நம்ப மாட்டார். ஆனாலும் கணக்கு சரிதான். திசைவேகத்துக்கு நடந்த தூரம் வேண்டாம். புறப்பட்ட இடத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி வந்து சேர்ந்தோம் என்பதுதான் வேண்டும். அதுவே இடப்பெயர்ச்சி. அதை ஆன நேரத்தால் வகுத்தால் சராசரி திசைவேகம்.

வளைந்த பாதையைவிட நேர்கோட்டில் இது நன்றாகப் பிடிபடும். கோயிலிலேயே அப்படியொரு கோடு இருக்கிறது: ராஜகோபுரம், வல்லாள மகாராஜா கோபுரம், கிளி கோபுரம் மூன்றும் கிழக்கு மேற்காக வரிசையில் நிற்கின்றன. மேற்கே, சன்னதியை நோக்கிப் போவதைக் கூட்டல் என்று கொள்வோம்; கிழக்கே திரும்பினால் கழித்தல்.

ராஜகோபுரத்திலிருந்து ஒருவர் மேற்கே 120 மீட்டர் போகிறார். முதல் 60 மீட்டரில் கூட்டமில்லை. வினாடிக்கு 1 மீட்டர் நடை. அடுத்த 60 மீட்டர் தரிசன வரிசை, வினாடிக்கு 0.2 மீட்டர்தான் நகர முடிகிறது. சராசரி என்ன? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 0.6 என்று எழுதத்தான் கை போகும். அங்கேதான் சறுக்கல். முதல் பாதிக்கு ஆனது 60 வினாடி, இரண்டாம் பாதிக்கு 300 வினாடி. 120 மீட்டரை 360 வினாடியால் வகுத்தால் விடை சுமார் 0.33. ஐந்து மடங்கு நேரம் வரிசையில் கழிந்ததால், சராசரியும் அந்த மெதுவான நகர்வின் பக்கம் சாய்ந்துவிட்டது. தூரம் சமமாக இருந்து பயனில்லை. இரண்டு நடைக்கும் சம நேரம் ஆகியிருந்தால் மட்டுமே 0.6 சரியாகும்.

போனவர், கைப்பை விழுந்ததைக் கண்டு 30 மீட்டர் பின்னால் வருகிறார். அதற்கு 30 வினாடி. நடந்தது 150 மீட்டர், இடப்பெயர்ச்சி 90 மீட்டர், நேரம் 390 வினாடி. சராசரி வேகம் வினாடிக்கு 0.38 மீட்டர், சராசரி திசைவேகம் மேற்கே 0.23 மீட்டர். அப்படியே வெளியேறி, ராஜகோபுரத்தையும் தாண்டி எதிரே பதினாறுகால் மண்டபத்தில் போய் உட்கார்ந்தால், திசைவேகம் கழித்தல் குறியோடு வரும். சராசரி வேகத்துக்கு அந்தக் குறி ஒருநாளும் வராது.