எந்த வயசு அலி?

எங்கள் வீட்டில் 1988ஆம் ஆண்டிலிருந்து ஒரு குத்துச்சண்டை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு மூலையில் முகமது அலி. அவருக்கு ஆதரவாக என் அப்பா. எதிர்மூலையில் மைக் டைசன், அவருக்கு நான். அலியும் டைசனும் நிஜத்தில் ஒருமுறைகூட மோதியதில்லை. மோதியிருக்கவும் வழியில்லை. 1981 டிசம்பரில் அலி கடைசியாக மேடையேறியபோது டைசனுக்கு வயது 15. அதனாலென்ன? கிள்ளானில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர்கள் நூறு தடவையாவது மோதியிருப்பார்கள்.

எல்லாம் பக்கத்து வீட்டு அண்ணன் கொண்டுவந்த ஒரு வீடியோ டேப்பில் தொடங்கியது. டைசனும் மைக்கல் ஸ்பிங்க்ஸும் மோதிய ஆட்டம். அதுவரை தோல்வியே காணாத ஸ்பிங்க்ஸ், 91 விநாடியில் விழுந்துவிட்டார். அப்போது எனக்குப் பத்து வயது. டேப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஏழெட்டு முறை பார்த்தேன்.

"இவர அடிக்க உலகத்துல ஆளே இல்லப்பா" என்றேன்.

பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே அப்பா சொன்னார். "அலி இருந்தாரு."

அன்று மூண்டதுதான். அப்பாவிடம் என்னிடம் இல்லாத ஓர் ஆயுதம் இருந்தது. அவர் அலியை நேரில் பார்த்தவர். 1975 ஜூலை 1ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் அலி, ஜோ பக்னரோடு மோதினார். நமக்குக் காலை என்றால் அமெரிக்காவில் முந்தின நாள் இரவு. அங்குள்ளவர்கள் வசதியாகத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டுமென்று, இங்கே காலை வெயிலில் சண்டையை வைத்தார்கள். அப்பாவுக்கு அப்போது 22 வயது. தோட்டத்தை விட்டு வந்து துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சம்பளத்தில் பாதியைக் கொடுத்து டிக்கெட் வாங்கினாராம். இரண்டு பேருந்து மாறிப் போனாராம். அலியின் கால்கள் தரையில் படவே இல்லையாம்.

"நான் கண்ணால பாத்தவன். நீ டேப்புல பாத்தவன்" என்பார். அதற்கு மேல் நான் என்ன பேச?

கணினி வைத்த பந்தயம்

இந்தப் பைத்தியம் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பது பெரியவனான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1967இல் மயாமியைச் சேர்ந்த மர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் வெற்றியாளர்கள் 16 பேரின் விவரங்களைக் கணினிக்குக் கொடுத்து ஒரு கற்பனைப் போட்டியையே நடத்தினார். கணினி சொன்ன முடிவுகளை வைத்து, நேரில் பார்ப்பது போலவே வானொலியில் வருணனை செய்தார்கள். இறுதியில் ஜாக் டெம்ப்சியை வீழ்த்தி ராக்கி மார்சியானோ வென்றார். அலியோ, 1899இல் பட்டம் வென்ற ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றுப்போனதாகக் கணினி தீர்ப்புச் சொன்னது.

அலி சும்மா விடுவாரா? தம் பெயரைக் கெடுத்துவிட்டதாகச் சொல்லி 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்தச் சமரசத்தில் பிறந்ததுதான் அடுத்த கூத்து. அலியும் மார்சியானோவும் கேமரா முன்னால் மோதுவது. யார் வெல்வார் என்பதைக் கணினி சொல்வது.

1969இல் மயாமியில் படப்பிடிப்பு நடந்தது. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டு, பிழைப்புக்கு வழியில்லாமல் இருந்தார் அலி. மார்சியானோவுக்கு வயது 45. ஆடிய 49 ஆட்டங்களிலும் வென்று, 1956இல் ஓய்வு பெற்றவர். இந்தப் படத்துக்காக 20 கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடி வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு நிமிடமாக 70 சுற்றுகளுக்கு மேல் மோதினார்கள். முடிவைப் பல விதமாக எடுத்து வைத்தார்கள். எது உண்மையான முடிவு என்பது இருவருக்குமே தெரியாது.

படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், ஆகஸ்டு 31ஆம் தேதி, விமான விபத்தில் மார்சியானோ இறந்துபோனார். மறுநாள் அவருக்கு 46ஆவது பிறந்தநாள். 1970 ஜனவரி 20ஆம் தேதி இரவு அமெரிக்கத் திரையரங்குகளில் படம் ஓடியது. 13ஆவது சுற்றில் அலியை மார்சியானோ வீழ்த்தினார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் வென்றவர் அலி!

இந்தக் கதையை நான் படித்துச் சொன்னபோது அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஜெயிச்சவனுக்கே ஜெயிச்சது தெரியாம போச்சே" என்று மட்டும் சொன்னார்.

பதினைந்தா, பன்னிரண்டா?

"டைசன்தான் ஜெயிப்பார்" என்று நான் எப்போது வாயைத் திறந்தாலும், அப்பா ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "எந்த வயசு அலி?"

நியாயமான கேள்வி. 1966இல் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றில் முடித்த அலிக்கு வயது 24. அவரைத் தொடவே முடியவில்லை. 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனைச் சாய்த்த அலிக்கு வயது 32. கயிற்றில் சாய்ந்து அடிவாங்கிப் பொறுத்திருந்து, எட்டாவது சுற்றில் முடித்தார். பெயர் ஒன்றுதான், ஆள் வேறு. இடையில் அவருடைய நல்ல வயதில் மூன்றரை ஆண்டுகளை ஆட்டமே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

அப்புறம் விதிகள். அலி காலத்தில் பட்டப் போட்டி என்றால் 15 சுற்று. 1982இல் 14 சுற்றுகள் அடிவாங்கிய தென்கொரிய வீரர் கிம் டுக் கூ இறந்த பிறகுதான் படிப்படியாக அது 12 ஆனது. எங்கள் வீட்டுச் சண்டையில் அப்பா 15 என்பார்; நான் 12 என்பேன். அதிலேயே பாதி ராத்திரி போய்விடும்.

என் வாதம் இதுதான். அலியின் உயரம் 6 அடி 3 அங்குலம். டைசன் 5 அடி 10 அங்குலம். குள்ளமாக, குனிந்து உள்ளே நுழைந்து, இடது கையை வளைத்து வீசுகிறவர்களிடம்தான் அலி மாட்டியிருக்கிறார். 1971இல் ஜோ ஃப்ரேசியர் அவரை 15ஆவது சுற்றில் தரையில் உட்காரவைத்தது அந்த அடியில்தான். அதற்கு முன்பே, 1963இல், ஹென்றி கூப்பரின் இடது கையும் அவரைச் சாய்த்திருக்கிறது. டைசனைவிட வேகமாக அந்த அடியை அடித்த ஹெவிவெயிட் யார்?

அப்பா அசரமாட்டார். "ரெண்டு வாட்டியும் எழுந்தாரா இல்லையா?" என்பார். டைசனை உருவாக்கிய பயிற்சியாளர் கஸ் டமாட்டோதான் முன்பு ஃபிளாய்ட் பேட்டர்சனையும் உருவாக்கினார். அந்தப் பேட்டர்சனை 1965இல் அலி 12 சுற்றுகள் வதைத்து ஜெயித்ததை ஞாபகப்படுத்துவார். 1987இல் போன்கிரஷர் ஸ்மித் என்பவர் டைசனைக் கட்டிப்பிடித்துக் கட்டிப்பிடித்தே 12 சுற்றுகளை ஓட்டினாரே, அந்த வித்தையில் அலியை மிஞ்ச ஆள் உண்டா என்பார். கடைசியாக, தோக்கியோ. 1990இல் உயரமான பஸ்டர் டக்ளஸ் தம் இடது கையை நீட்டி நீட்டியே டைசனைக் களைப்பாக்கி, பத்தாவது சுற்றில் வீழ்த்தினார். அந்தப் பெயரை அப்பா எடுத்துவிட்டால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்கிறேன். 1989இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அலியைத் தம்மால் வென்றிருக்க முடியாது என்று டைசன் அடக்கமாகச் சொன்னார். அது எனக்கு வெகுகாலமாகத் தெரியும். அப்பாவிடம் சொன்னதில்லை. என் மகன்தான் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்துத் தாத்தாவிடம் காட்டிக் கொடுத்தான். அவனுக்கு இருவருமே வேண்டாம், உஸிக்தான் வேண்டும். 2024 மே மாதம் டைசன் ஃபியூரியை வென்று, நான்கு பட்டங்களையும் ஒன்றாக வைத்திருந்தாரே, அவர்தான். "ஒங்க ரெண்டு பேரையும் அவரு பாத்துக்குவாரு தாத்தா" என்பான்.

நிஜமாகவே மோதினால்

வெவ்வேறு காலத்தவர்கள் நிஜமாகவே மோதிக்கொண்டதும் உண்டு. அவை பார்க்கச் சகிக்காத ஆட்டங்கள்.

1951 அக்டோபரில், 37 வயது ஜோ லூயிஸை இளைஞரான மார்சியானோ எட்டாவது சுற்றில் கயிற்றுக்கு வெளியே விழும்படி அடித்தார். லூயிஸ்தான் மார்சியானோ போற்றிய வீரர். ஆட்டம் முடிந்ததும் வென்றவர் அழுதார். 1980 அக்டோபரில், 38 வயது அலி, ஒருகாலத்தில் தமக்குப் பயிற்சித் துணையாக இருந்த லாரி ஹோம்ஸிடம் பத்து சுற்றுகள் அடிவாங்கினார். அதற்கு மேல் வேண்டாமென்று அவருடைய மூலையிலிருந்தே நிறுத்தினார்கள். நான்கே ஆண்டுகளில் அலிக்கு பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்தது.

2024 நவம்பரில் என் முறை வந்தது. 58 வயது டைசன், 27 வயது ஜேக் பாலுடன் மோதினார். நமக்குச் சனிக்கிழமை மதியம். மூன்று தலைமுறையும் ஒரே நாற்காலி வரிசையில் உட்கார்ந்தோம். இரண்டு நிமிடச் சுற்றுகள், மொத்தம் எட்டு. முதல் சுற்றில் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு டைசனின் கால்கள் நகரவில்லை. கையுறையைக் கடித்துக்கொண்டு நின்றார். மகன் கைப்பேசியை எடுத்துவிட்டான்.

36 ஆண்டுக் கணக்கைத் தீர்க்க அப்பாவுக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று காத்திருந்தேன். ஐந்தாவது சுற்றில் அவர் என் தோளைத் தட்டினார்.

"பாக்காதடா. இது டைசன் இல்ல. வா, சாப்பிடுவோம்."

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது, நான் கேட்காமலேயே அப்பா பேசத் தொடங்கினார்.

"மெர்டேக்கா அரங்கத்துல நானும் ஒண்ணும் பெருசா பாக்கலடா. கடைசி வரிசை. திடல் நடுவுல மேடை, தீப்பெட்டி மாதிரி தெரிஞ்சுது. வெயில் வேற கண்ணுல அடிக்குது. ரெண்டு புள்ளி அங்கயும் இங்கயும் நகருது, அவ்வளவுதான். பக்கத்துல இருக்கறவன் கை தட்டுனா நானும் தட்டுனேன். யாரும் விழல. 15 சுத்து முடிஞ்சு, அலி ஜெயிச்சாருன்னு சொன்னாங்க, எழுந்து வந்துட்டேன்."

அது எனக்குத் தெரியும். அந்த ஆட்டத்தின் படத்தை நான் பல ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டேன். அலிக்கு 33 வயது. நடனம் அதிகமில்லை; புள்ளிகளைச் சேர்த்து, வெயிலைச் சமாளித்து, புள்ளிகளிலேயே வென்றார். அடுத்து அக்டோபரில் மணிலாவில் ஃப்ரேசியரோடு நடக்கவிருந்த பயங்கரத்தோடு ஒப்பிட்டால், இது ஒரு நடைப்பயிற்சி. அப்பா சொன்ன ஆட்டம் அந்தப் படத்தில் எங்குமே இல்லை. ஆனால் அதை வைத்து அவரை மடக்க வேண்டுமென்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"அப்போ கால் தரையில படலன்னு சொன்னீங்களே?"

"அது பழைய அலி. பேப்பர்ல படிச்சது, பிற்பாடு டிவியில பாத்தது, எல்லாத்தையும் சேத்துக்கிட்டேன். நல்ல வயசுல அவர பாக்கணும்னுதான் போனேன். அவருக்கு வயசாயிடுச்சு. அது அவரு குத்தமா?"

கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கை லேசாக நடுங்கியது. 22 வயதில் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, கூட்டத்தோடு வெயிலில் வெளியே வந்த இளைஞரை நினைத்துப் பார்த்தேன். திரும்பி வருகிற பேருந்தில்தான் அவருடைய ஆட்டம் தொடங்கியிருக்க வேண்டும்.

மகன் வாசலுக்கு வந்தான். மதியம் பார்த்தது அவனையும் ஏதோ செய்திருந்தது போலும். "தாத்தா, நெஜமா சொல்லுங்க. அலியும் டைசனும் மோதுனா யாரு ஜெயிப்பா?"

இத்தனை வருடங்களாக இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்னவர், அன்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த வயசு டைசன்?"

"எண்பத்தெட்டுப்பா" என்றேன். "ஸ்பிங்க்ஸ் ஆட்டம். 22 ஆக மூணு நாள் இருந்துச்சு."

அப்பா தெருவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்படின்னா, மொத நாலு சுத்து அலிக்குக் கஷ்டந்தான்" என்றார்.