சொற்செயலியின் முகப்பு மொழி

தமிழை உட்பதிப்பது இன்று பெரும் பிரச்சினையன்று. யுனிகோட் 1991 இலேயே தமிழுக்கு இடமளித்தது. இலங்கையின் 2008 ஆம் ஆண்டு நியமம் ரெங்கநாதன் விசைப்பலகையை ஏற்றது. ஆயினும் காரைநகர் மாணவனொருவன் தமிழிற் கட்டுரை எழுதச் சொற்செயலியைத் திறக்கையில், கட்டளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அவனை எதிர்கொள்கின்றன. மொழி இங்கு பண்டமாகிறது, உழைப்புக் கருவியாவதில்லை.

2010 இல் ஓபன் ஆபிஸிலிருந்து கிளைத்த லிப்ரே ஆபிஸ் இலவசமானது. அதன் மூலநிரலும் பொதுவுடைமை. விண்டோசில் அதனை நிறுவும்போதே 'கஸ்டம்' முறையைத் தெரிந்து, இடைமுக மொழிகளிலே தமிழைச் சேர்த்தல் வேண்டும். பின்னர் ரைட்டரைத் திறந்து, 'டூல்ஸ்' பட்டியலின் 'ஆப்ஷன்ஸ்' வழியாக மொழிப் பகுதியை அடைந்து, இடைமுக மொழியாகத் தமிழைத் தெரிவுசெய்து, செயலியை மூடி மீளத் திறந்தால் முகப்பு தமிழாகும்.

ஆவணத்தின் மொழி வேறொரு தெரிவு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். எழுத்துருவும் அவ்வாறே: 'மேலைத்தேய' எழுத்துக்கு அமைத்த எழுத்துரு தமிழைத் தீண்டாது. தமிழ், அரபு, தாய் யாவும் 'சிக்கலான எழுத்தமைப்பு' என்னும் தனி வகுப்பில் அடங்குவன. இலத்தீனை இயல்பென்றும் பிறவற்றைச் சிக்கலென்றும் வகுத்த பார்வை எவருடையது என்பதை (தொழில்நுட்பக் காரணங்கள் உண்டெனினும்) நாம் கேட்டேயாக வேண்டும்.

தமிழாக்கப்படாத தொடர்கள் ஆங்கிலத்திலேயே தோன்றும். அவற்றைப் பெயர்க்கும் பணி ஊதியமற்ற தன்னார்வலர்களுடையது. அதில் எவரும் இணையலாம்.